கிலோ என்ன விலைன்னா எப்படிச் சொல்றது?

எம்பிஏ மாணவர்களின் மார்க்கெட் ரிசர்ச் ப்ராஜெக்ட்டுகளை உட்கார்ந்து கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். முதல் பத்து ஸ்லைடுக்கு பை சார்ட் மேல் பை சார்ட். ஒவ்வொன்றிலும் ஐந்து நிறம், ஒவ்வொரு துண்டுக்கும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். "43.33 சதவீதம் பேர் தரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், 36.67 சதவீதம் பேர் விலையைப் பார்த்து வாங்குகிறார்கள்" என்று திரையில் இருப்பதையே நமக்கு வாசித்துக் காட்டுவார்கள். கடைசி ஸ்லைடில் "நிறுவனம் தரத்தையும் விலையையும் மேம்படுத்த வேண்டும்" என்று பரிந்துரை. கைதட்டல்.

43.33 என்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 30 பேரில் 13 பேர் என்பதைத்தான் அப்படி எழுதியிருப்பார்கள். 36.67 என்றால் 30-ல் 11. முப்பது பேரிடம் கேட்டது தப்பே இல்லை. அதை முந்நூறு கோடி பேரிடம் கேட்டது போல வேஷம் கட்டுவதுதான் பிரச்சினை.

அதனால் இப்போதெல்லாம் என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் வேலையாகச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். பஸ் ஏறினால் போய்விடலாம், செலவும் இல்லை. முக்கியமான காரணம் வேறு. அங்கே யாரும் ஒரு எண்ணைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டுத்தான் பாருங்களேன்.

"அக்கா, வஞ்சிரம் கிலோ என்ன விலைக்கா?"

"எந்த சைஸு கண்ணு? முழு மீனா, துண்டு போடணுமா?"

"வாங்கலக்கா. சும்மா ஒரு சர்வேக்கு."

"சர்வேக்குன்னா எப்பிடிச் சொல்றது? லாஞ்சு மீனுக்கு ஒரு வெல, ஃபைபர் மீனுக்கு ஒரு வெல. நேத்து வரத்து கம்மி. ஞாயித்துக்கெழம வெலைய எழுதிக்கினு போய் இதான் காசிமேட்டு வெலைன்னு சொல்லிடாத, இன்னா?"

ஒரு விலையைக் கேட்டால் அந்த அக்கா அளவு, படகு, வரத்து, கிழமை என்று நாலு விஷயம் கேட்கிறார். லாஞ்சு என்று அங்கே சொல்கிற விசைப்படகு ஐஸை ஏற்றிக்கொண்டு போய் நாள்கணக்கில் கடலில் கிடந்து திரும்பும். ஃபைபர் படகு பெரும்பாலும் போன சுருக்கில் கரைக்கு வந்துவிடும். இரண்டிலும் வருவது வஞ்சிரம்தான். ஆனால் ஒரே சரக்கு இல்லை. இதையெல்லாம் சேர்க்காமல் சொல்லும் விலை விலையே ஆகாது என்பது அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஸ்லைடுக்குத்தான் தெரிவதில்லை.

தரவை முன்வைப்பது பற்றி எனக்குத் தெரிந்ததை இரண்டு கேள்வியில் அடக்கிவிடலாம். இந்த எண், எதில் இவ்வளவு? எதோடு ஒப்பிட்டு இவ்வளவு? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத எண்ணைத் திரையில் போடக்கூடாது. மீதி எல்லாம் இதன் விரிவுதான்.

யாரை நிறுத்திக் கேட்டீர்கள்?

பிள்ளைகள் முதலில் செய்வது இதுதான். ஞாயிறு விடிகாலை துறைமுக வாசலில் நின்று, போகிற வருகிறவரை நிறுத்தி, "எவ்வளவு நாளைக்கு ஒருமுறை இங்கே வருவீர்கள்?" என்று கேட்பது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பல ஞாயிறுகளில் நின்று மொத்தம் 100 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் வாராவாரம் வருகிறவர்கள், 40 பேர் மாதம் ஒருமுறை வருகிறவர்கள். உடனே ஸ்லைடு தயாராகிவிடும்: "காசிமேட்டு வாடிக்கையாளர்களில் 60 சதவீதம் பேர் வாரந்தோறும் வருகிறார்கள்."

கொஞ்சம் நிதானியுங்கள். வாராவாரம் வருகிறவர் மாதத்தில் நாலு தடவை அந்த வாசலைத் தாண்டுகிறார். மாதம் ஒருமுறை வருகிறவர் ஒரே தடவை. நீங்கள் எந்த ஞாயிறு நின்றாலும் முதல் ஆள் உங்களிடம் சிக்கும் வாய்ப்பு நாலு மடங்கு. அதைச் சரிசெய்ய 60-ஐ நாலால் வகுக்க வேண்டும். 15 வரும். மாதம் ஒருமுறைக்காரர்கள் 40 அப்படியே. ஆக 55-ல் 15, ஏறக்குறைய 27 சதவீதம்.

60 சதவீதமும் சரிதான், 27 சதவீதமும் சரிதான். முதலாவது வருகைகளில் இவ்வளவு, இரண்டாவது மனிதர்களில் இவ்வளவு. எத்தனை டீ போடலாம் என்று கணக்குப் பார்க்கும் கடைக்காரருக்கு 60 வேண்டும். எத்தனை குடும்பங்களுக்கு விளம்பர நோட்டீஸ் அடிக்கலாம் என்று யோசிப்பவருக்கு 27 வேண்டும். "எதில்?" என்ற கேள்வியைக் கேட்காதவர் ஒன்றை எடுத்து மற்ற இடத்தில் போடுவார். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் உண்டு. துறைமுகத்துக்கு வராமல் தெருவில் கூடைக்காரம்மாவிடமோ செயலியிலோ வாங்குகிறவர் உங்கள் 100-ல் ஒருவர்கூட இல்லை. வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அவர் வரமாட்டார்.

படகை எண்ணுகிறவர்கள்

"சரி சார், அப்ப எல்லாரையும் கேட்கவா முடியும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்க வேண்டியதில்லை. நாடு முழுக்கக் கடல் மீன் கணக்கெடுக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. 1947-ல் தொடங்கி ஆரம்ப காலத்தில் மண்டபம் என்ற ஊரில் இயங்கி, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் நிறுவனம் அது.

அவர்கள் முறையின் சாரம் இது. கடற்கரையை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்று பாகம். முதல் ஐந்து நாளில் எந்த நாளில் தொடங்குவது என்பதைக் குலுக்கல்தான் முடிவுசெய்யும். அதை வைத்து மற்ற நாட்கள் வரிசையாக அமையும். முதல் நாள் மதியம் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் மதியம் 12 வரை கணக்காளர் இறங்குதளத்தில் இருப்பார். நடுவில் இரவு இறங்கியதை விசாரித்துச் சேர்த்துக்கொள்வார். 15 படகுக்குள் வந்தால் அத்தனையையும் பார்ப்பார். 20 முதல் 29 வரை என்றால் இரண்டில் ஒன்று, 30-களில் மூன்றில் ஒன்று, 40-களில் நாலில் ஒன்று, 50-ஐ எட்டினால் ஐந்தில் ஒன்று.

இதில் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது கணித நேர்த்தியை மட்டும் இல்லை. எந்த நாள், எந்தப் படகு என்பதைக் கணக்காளரின் வசதி முடிவுசெய்வதில்லை. நீங்கள் நின்ற ஞாயிறை உங்கள் வசதி முடிவுசெய்தது. சிரித்த முகமாக வந்தவரை நிறுத்தினீர்கள், சிடுசிடுவென்று கூடையோடு ஓடியவரை விட்டுவிட்டீர்கள். சிறிய மாதிரியில் தப்பில்லை. உங்களுக்கு வாகாகக் கிடைத்த மாதிரியை ஊர் முழுவதற்கும் பேச வைப்பதில்தான் தப்பு.

மாணவர்களை அனுப்பிக் கணக்கெடுப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த விவரங்கள் 1918-ல் புத்தகமாயின. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களில் மறுபடி ஆய்வு நடத்தினார்கள். பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். முதலில் எந்த ஊர், என்ன கேட்டார்கள் என்று எழுதி வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. கூடவே அந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்: 1916-ல் கல்லூரிக்குப் போன பிள்ளை, ஊரில் யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு வரைக்கும் போய்க் கேட்டிருப்பான்? உங்கள் சர்வேயையும் அப்படி ஒருவர் கேட்பார் என்று நினைத்தே எழுதுங்கள்.

நாலு எண், மூணு தலைப்பு

இனி "எதோடு?" என்ற கேள்விக்கு வருவோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அகில இந்தியக் கடல் மீன் வரத்து இது:

2019: 35.6 லட்சம் டன்
2020: 27.3 லட்சம் டன்
2021: 30.5 லட்சம் டன்
2022: 34.9 லட்சம் டன்

வகுப்பில் மூன்று குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முதலாளியைக் கொடுப்பேன். ஐஸ் ஃபேக்டரி கட்டக் கடன் கேட்கிறவர் ஒருவர், மானியம் கேட்கிற சங்கம் ஒன்று, ஆண்டறிக்கை எழுதுகிற அதிகாரி ஒருவர். மூவருக்கும் இதே நாலு எண்தான். மூன்று தலைப்பு வரும்.

"இரண்டே ஆண்டில் 28 சதவீத வளர்ச்சி!" இது 2020-ஐ அடியாக வைத்தது. "ஓராண்டில் 14 சதவீத உயர்வு." இது 2021-ஐ அடியாக வைத்தது. "மூன்றாண்டு கழித்தும் பழைய நிலையை எட்டவில்லை, 2 சதவீதம் குறைவு." இது 2019-ஐ அடியாக வைத்தது.

ஒன்றுகூடப் பொய் இல்லை. கொரோனா ஊரடங்கில் படகுகள் கரையில் கிடந்த 2020-ஐ அடியாக வைத்தால் எது செய்தாலும் வளர்ச்சியாகத்தான் தெரியும். அதனால் எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பதோடு, ஏன் அந்த ஆண்டு என்பதையும் ஸ்லைடிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். நாலு எண் மட்டுமே இருந்தால் நாலையும் காட்டிவிடுங்கள். பார்ப்பவருக்கே பள்ளம் தெரியும்.

படம் வரைவதிலும் இதே விளையாட்டு உண்டு. 35.6-க்கும் 34.9-க்கும் பட்டை வரைகிறீர்கள். செங்குத்துக் கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டும் ஒரே உயரம் போலத் தெரியும். 34.5-ல் தொடங்கினால் ஒன்று மற்றதில் பாதிகூட இருக்காது, கடலே வற்றிவிட்டது போல இருக்கும். எக்செல் சில சமயம் தானாகவே இப்படி வெட்டிவிடும். பட்டைப் படம் என்றால் பூஜ்யத்திலிருந்து. இதற்கு நான் விலக்கு கொடுப்பதில்லை.

இன்னொன்று: இவ்வளவு டன் இறங்கியது என்றால் அவ்வளவுதான் அர்த்தம். மக்கள் எவ்வளவு தின்றார்கள், என்ன விலை போனது, படகில் போனவர் கையில் என்ன மிஞ்சியது என்பதெல்லாம் இதில் இல்லை. டன் ஏறி, விலை இறங்கி, டீசல் காசுகூடத் தேறாத வருஷமும் உண்டு.

காலண்டர் செய்கிற வேலை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஃபைபர் படகுகள் போகும். அதனால் மே மாத வரத்தை மார்ச்சோடு ஒப்பிட்டு "வீழ்ச்சி" என்று எழுதினால் சிரிப்பார்கள். போன வருஷ மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதுவும் எப்போதும் சரிவராது. தமிழ்நாட்டில் 2016 வரை தடை 45 நாள்தான், மே 29-ல் முடிந்துவிடும். 2017-ல்தான் 61 நாள் ஆனது. 2016 ஜூனையும் 2017 ஜூனையும் ஒப்பிட்டவர், பாதி மாதம் விசைப்படகே போகாததை வியாபாரச் சரிவு என்று எழுதியிருப்பார். கடலில் எதுவும் மாறவில்லை, அரசாணைதான் மாறியது.

புரட்டாசியை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் கவுச்சி கிடையாது. அது செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும். ஆங்கில மாதவாரியாகப் படம் போட்டால் அந்தச் சரிவு இரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டுக்கொண்டு காணாமலே போய்விடும். வாரவாரியாகப் போட்டால் பளிச்சென்று தெரியும். தரவு அதேதான். வெட்டிய இடம்தான் வேறு.

ஞாயிற்றுக்கிழமையையும் மறக்கக்கூடாது. 2023 ஜூலையில் ஐந்து ஞாயிறு, ஆகஸ்டில் நாலு. ஞாயிறு வியாபாரத்தை நம்பியிருக்கும் சில்லறை மீன்கடைக்கு ஆகஸ்டில் விற்பனை குறைந்ததாகத் தெரியும். ஆடியும் ஆவணியும் காரணம் என்று ஆராய்ச்சி பண்ணுவதற்கு முன்னால் ஞாயிறுகளை எண்ணிவிடுங்கள்.

சராசரி ஏறியது, விலை இறங்கியது

இதுவும் கற்பனைக் கணக்குதான். போன மாதம் ஒரு கடையில் 20 கிலோ வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாய்க்கும், 80 கிலோ சங்கரா 400 ரூபாய்க்கும் விற்றது. 100 கிலோவுக்கு 52,000 ரூபாய், சராசரி 520. இந்த மாதம் வஞ்சிரம் 900, சங்கரா 350. இரண்டுமே இறங்கிவிட்டன. ஆனால் வஞ்சிர வரத்து நன்றாக இருந்ததால் 50 கிலோ அதுவும் 50 கிலோ இதுவும் விற்றது. மொத்தம் 62,500, சராசரி 625.

"மீன் விலை 20 சதவீதம் உயர்ந்தது" என்று ஸ்லைடு போடுவீர்களா? கடைக்கு வந்த ஒவ்வொருவரும் போன மாதத்தைவிடக் குறைவாகக் கொடுத்துதானே வாங்கியிருக்கிறார்கள். சராசரியை ஏற்றியது விலை இல்லை, கூடையில் இருந்த கலவை. சராசரி ஏறினாலும் இறங்கினாலும், அதை மீன்வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது. மீனை எடுத்துவிட்டு வாடிக்கையாளர், கிளை, வயது என்று எதைப் போட்டாலும் இதே கதைதான்.

30-ல் 11

ஆரம்பத்தில் சொன்ன 36.67 சதவீதத்துக்கு நிஜமாகவே ஒரு காசிமேட்டுக் கதை உண்டு. 2018 ஜூலையில் 'தி இந்து' நாளிதழ் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை சந்தைகளில் வாங்கிய மீன்களைச் சோதித்தபோது, 30 மாதிரிகளில் 11-ல் ஃபார்மலின் இருந்தது. ஊர் பதறியது. அடுத்து அரசுத் தரப்பு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு ஃபார்மலின் இல்லை என்றது. யாரை நம்புவது?

அந்தச் செய்தி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. உணவில் கலக்கவே கூடாத ஒன்று ஒரே ஒரு மீனில் இருந்தாலும் அது செய்திதான். சிக்கல் அதற்குப் பிறகு, டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் அது "சென்னை மீனில் மூணில் ஒண்ணு விஷம்" என்று ஆனபோது வந்தது.

அந்த 30 மாதிரியும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும், 30-ல் 11 என்பதிலிருந்து மொத்தச் சந்தையைப் பற்றிச் சொல்லக்கூடியது "22 முதல் 54 சதவீதத்துக்குள் எங்கேயோ இருக்கலாம்" என்பதுதான். அவ்வளவு அகலமான வலை. அதில் 36.67 என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 30-ல் 11 என்றே எழுதுங்கள். வாசிப்பவருக்கே அதன் பலமும் பலவீனமும் புரிந்துவிடும்.

அடுத்தது, காசிமேட்டில் வாங்கிய மீன் எல்லாம் காசிமேட்டில் இறங்கிய மீன் இல்லை. வெளியூரிலிருந்து லாரியில் வருவதும் அங்கே விற்கிறது. வாங்கிய இடம் ஒரு விவரம், பிடிபட்ட இடம் இன்னொரு விவரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் விடியலில் தன் படகு மீனைக் கூறு கட்டி விற்கிறவர் யாரோ செய்ததற்குப் பழி சுமப்பார். அதேபோல, அரசுச் சோதனையும் முதல் சோதனையும் ஒன்றோடொன்று மோதவில்லை. வேறு நாள், வேறு மீன். "இன்று எடுத்த இத்தனையில் இல்லை" என்பது "எப்போதும் இல்லை" ஆகிவிடாது. "அன்று இத்தனையில் இருந்தது" என்பது "எல்லாவற்றிலும் இருக்கிறது" என்றும் ஆகாது.

சரி, அதனால் என்ன?

எண்ணை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? இல்லை. முதலாளி சம்பளம் கொடுப்பது "அதனால் என்ன செய்யலாம்?" என்பதற்குத்தான்.

காசிமேட்டுக்கு வடக்கே திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து பிழைக்க ஆரம்பித்ததுதான் எம்ஆர்எஃப். 1964-ல் அந்த நிறுவனத்தின் டயருக்கு விளம்பரம் செய்ய வந்த அலீக் பதம்ஸீ, லாரி ஓட்டுநர்களிடம் போய்ப் பேசினார் என்றும், டயர் என்றால் பலமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதிலிருந்துதான் டயரைத் தூக்கி நிற்கும் அந்தக் கட்டுமஸ்தான ஆள் பிறந்தார் என்றும் விளம்பர உலகில் சொல்வார்கள். அவர் கேட்ட இடத்தைப் பாருங்கள். சொகுசுக் கார் வைத்திருப்பவரிடம் போகவில்லை, டயர் வெடித்தால் நடுரோட்டில் நிற்கப்போகிற ஆளிடம் போனார். கிடைத்த பதிலையும் பை சார்ட்டாக அடுக்கவில்லை, ஒரே முடிவாக மாற்றினார். ஆய்வு அங்கேதான் பயன்பட்டது.

இதை வைத்து நான் பிள்ளைகளுக்குப் போடும் நிபந்தனை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே நாலு வரி.

1. யாரிடம், எங்கே, எந்த நாட்களில், எத்தனை பேரிடம் கேட்டோம்.
2. எதோடு ஒப்பிடுகிறோம், ஏன் அதோடு.
3. இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்க வேண்டும்.
4. இன்னும் என்ன தெரிந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம்.

முதல் இரண்டு வரியை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதில் "நிறுவனம் கவனிக்க வேண்டும்" என்று பூசி மெழுகப் பார்ப்பார்கள். எந்த நிறுவனம், எந்தக் கிழமை, எத்தனை கிலோ என்று கேட்டால் திணறுவார்கள். நாலாவது வரிதான் உண்மையான சோதனை. எந்தப் புதுத் தகவல் வந்தாலும் மாறாத முடிவு என்றால், அது சர்வேக்குப் போவதற்கு முன்பே மனசில் எடுத்த முடிவு. அதற்கு 30 பேரின் ஞாயிற்றுக்கிழமை காலையைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை.

நாலு வரியும் எழுத முடியாத ஸ்லைடை எடுத்துவிடச் சொல்கிறேன். இருபது ஸ்லைடு ஆறாகச் சுருங்கும். பிள்ளைகள் முகம் வாடும், உழைப்பு வீணாகிவிட்டதே என்று. மீதி பதினாலுக்கும் எங்கேயாவது இடம் வேண்டும் என்று கெஞ்சுவார்கள். ஆறு போதும் என்பதுதான் என் பதில். அந்த ஆறையும் குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள். அதற்கு மேனேஜ்மென்ட் பேராசிரியர்தான் வேண்டும் என்று இல்லை. வஞ்சிரம் விற்கிறவரே போதும்.